மிஸ் மேவிஸின் வேலைக்காரி வேசம்

மேவிஸ் ஹார்க்கட் என்ற பெயரை ஒரு காலத்தில் இங்கிலாந்தில் அறியாத வீடு இல்லை. இதைச் சொன்னவர் மேவிஸ் ஹார்க்கட். வேறு யாரும் சொல்லி அற்புதமலர் கேட்டதில்லை.

பலெர்மோவில் அந்தப் பெயர் ஒரேயொரு இடத்தில்தான் இருந்தது. லிபெர்த்தாத் தெருவில் ஒரு பழைய கட்டடத்தின் வாசலில், மூன்றாம் மாடி மணிக்குப் பக்கத்தில், பாதி அழிந்து கிடந்தது. வாசல் காவல்காரனுக்கு அவர் 'இங்கிலீசுக் கிழவி'. பாண்கடைக்காரனுக்கு, இருபது வருஷத்துக்கு மேலாக ஊரில் இருந்தும் பாணை விரலால் சுட்டிக்காட்டி வாங்குகிற மனிசி. அவர்களுக்கு முன்னால் மிஸ் கொஞ்சம் கூடுதல் நேரம் நிற்பார், உதட்டில் ஒரு சின்னச் சிரிப்போடு. 'அட, நீங்கள் அல்லவா அந்த...' என்று யாராவது கேட்கட்டும் என்று. யாரும் கேட்கவில்லை. கேட்க வழியும் இல்லை. சொந்த நாட்டிலேயே அவருடைய சொந்த முகத்தை யாருக்கும் தெரியாது. அந்தக் கதை பிறகு வரும்.

அற்புதமலர் யாழ்ப்பாணத்து நாரந்தனைக்காரி. தொண்ணூறாம் ஆண்டில் பலெர்மோவுக்கு வந்து பெர்மேசோ என்கிற வதிவிட அனுமதி எடுத்தவள். புருஷன் ஏர்னஸ்ற் மொந்தெல்லோக் கடற்கரையில் ஒரு சாப்பாட்டுக்கடையில் கோப்பை கழுவினான். இவள் இரண்டு வருஷம் அங்கேயும் இங்கேயும் படிக்கட்டுத் துடைத்துவிட்டு மிஸ்ஸிடம் வந்து சேர்ந்தாள். சமையல், துப்புரவு, கிழவியைக் குளிக்க வார்ப்பது, எல்லாம் இவள் வேலை.

முதல் நாளே 'சின்யோரா' என்று கூப்பிட்டதை மிஸ் தன் அரைகுறை இத்தாலியனில் தடுத்துவிட்டார்.

"மிஸ் என்று சொல். மேடையில் என்னை எல்லோரும் மிஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். உன் பெயர் என்ன?"

"அற்புதமலர்."

மிஸ் அதை ஒரு தரம் வாயில் போட்டுப் பார்த்தார். கடிக்க முடியாத கல்லைப்போலத் துப்பிவிட்டார். "பூனி. உன்னைப் பூனி என்று கூப்பிடுகிறேன்."

வீட்டு வேலைக்குப் போகிற சனத்துக்குப் பலெர்மோவில் வியாழன் பின்னேரம் லீவு. அற்புதமலரும் இன்னும் சில தமிழ்ப் பெண்களும் வுச்சீரியாச் சந்தைக்கு மேலே, ஸ்ரெல்லா குடியிருந்த ஒற்றை அறையில் கூடுவார்கள். கீழே மீன்காரன்கள் தொண்டை கிழியக் கூவிக்கொண்டிருப்பான்கள். மேலே இவர்களுக்கு ஒரு விளையாட்டு. சின்யோராவைக் காட்டுவது. ஒவ்வொருத்தியும் எழும்பி நின்று தன்னுடைய சின்யோரா எப்படித் தும்முகிறவ, எப்படிப் புருஷனை ஏசுகிறவ, பழைய சீலையைத் தானமாகத் தரும்போது முகத்தை எப்படி வைத்திருக்கிறவ என்று நடித்துக்காட்ட வேண்டும். ஒரு கிழமை முழுக்கக் குனிந்த முதுகு அந்தப் பின்னேரம்தான் நிமிரும். அற்புதமலர் மிஸ்ஸைப்போல நாடியைத் தூக்கிக்கொண்டு பாண் வாங்கிக் காட்டினால் ஸ்ரெல்லா கட்டிலிலிருந்து உருண்டு விழுவாள்.

பூனி என்ற பெயரின் கதையையும் அங்கேதான் விளக்கினார்கள்.

"எடி, அது உனக்கு முந்தி நிண்டவளின்ரை பேராயிருக்கும்," என்றாள் ஸ்ரெல்லா. "என்ரை சின்யோரா என்னை இப்பவும் கார்மேலா எண்டுதான் கூப்பிடுறவ. கார்மேலா செத்துக் கனகாலம். செத்தவளின்ரை ஏப்பிரனையும் நான்தான் கட்டிக்கொண்டு திரியிறன்."

அற்புதமலருக்கு அப்போதுதான் விளங்கியது. மிஸ் வீட்டுப் பியானோவின் மேல், செத்துப்போன இத்தாலியப் புருஷனுடைய சொந்தக்காரரின் படங்களுக்கு நடுவில், ஒரு பெரிய வெள்ளிச் சட்டம் இருந்தது. அதற்குள் ஒரு கறுத்த மனிசி. நெற்றியில் பெரிய பொட்டு. கண்ணை உருட்டிக்கொண்டு, கையில் தேத்தண்ணித் தட்டோடு நின்றாள். சீலைத் தலைப்பு மாறிப்போய் வலது தோளில் கிடந்தது. பாவம், சீலையைச் சரியாக உடுத்திவிடக்கூட ஆளில்லாமல் இந்த ஊரில் வந்து கிடந்து செத்திருக்கிறாள் என்று அற்புதமலர் நினைத்தாள். மிஸ்ஸைப் பற்றியும் ஒரு நல்ல எண்ணம் வந்தது. வேலைக்காரியின் படத்தை வெள்ளிச் சட்டம் போட்டு வைக்கிற சின்யோரா எந்த ஊரில் கிடைப்பா? அன்றிலிருந்து தூசு தட்டத் தொடங்கினால் முதலில் பூனியைத்தான் தட்டுவாள்.

தொண்ணூற்றைந்தாம் ஆண்டு நவம்பரில் ஆத்துமாக்கள் திருநாள் வந்தது. மக்வேதாத் தெருக் கடைகளில் பாதாம் மாவில் செய்த பழங்கள் நிறைந்து கிடந்தன. ஊரே பூவும் மெழுகுதிரியுமாகச் சவக்காலைக்கு ஓடிக்கொண்டிருந்தது. அற்புதமலர் தன் வீட்டுச் சாவுகளுக்குத் திரி வாங்கியபோது இன்னொன்றும் கூட வாங்கினாள். கேட்க ஆளில்லாமல், மோட்சத்துக்குப் போக முடியாமல் உத்தரிப்பு ஸ்தலத்தில் வேகிற ஆத்துமாவுக்குச் செபிப்பது பெரிய புண்ணியம் என்று படித்து வளர்ந்தவள் அவள். பூனிக்கு யார் இருக்கிறார்கள்? திரியைக் கொளுத்திப் படத்துக்கு முன்னால் வைத்து, முழந்தாளில் நின்று, கண்ணை மூடி, உருக்கமாகச் செபித்தாள். கண்ணீரும் வந்தது.

ஊன்றுபொல்லுச் சத்தம் கேட்டுத் திரும்பினாள். மிஸ் கதவடியில் நின்றார்.

"என்ன செய்கிறாய்?"

"பூனியின்ரை ஆத்துமத்துக்கு, மிஸ்."

மிஸ்ஸுக்கு முதலில் பிடிபடவில்லை. பிடிபட்டதும் சிரிக்கத் தொடங்கினார். சிரித்துச் சிரித்து நிற்க முடியாமல் பியானோவின் மேல் சாய, அது டமாலென்று அலறியது. "அது நான்!" என்றார். "அடி முட்டாளே, அது நான்!"

அன்று பின்னேரமே அலுமாரியிலிருந்து வீடியோக் கசெற்றுகளை இறக்கி அற்புதமலரைக் கதிரையில் இருத்தினார். அப்படித்தான் மேவிஸ் ஹார்க்கட்டின் கலை வாழ்க்கை அற்புதமலருக்குத் தெரியவந்தது.

அது ஒன்றும் பெரிய வாழ்க்கை இல்லை. தகப்பன் ஏதோவொரு சிற்றூரில் இறைச்சிக்கடைக்காரன். மகளுக்கு அந்த வாடை பிடிக்கவில்லை. கடற்கரை மேடைகளில், மழைக்கு ஒதுங்கிய சனத்துக்கு முன்னால், கால் தடக்கி விழுந்து சிரிப்புக் காட்டினார். விழுவது ஒன்றுதான் அவருக்குத் தெரிந்த கலை. பிறகு ரெலிவிசன் வந்தது. அறுபதுகளில் 'துரை வீடு திரும்பினார்' என்று ஒரு தொடர். சிலோன் தேயிலைத் தோட்டத்தை விட்டுத் திரும்பி வருகிற ஒரு வெள்ளைத் துரை, பெட்டி படுக்கையோடு ஒரு வேலைக்காரியையும் கொண்டுவருகிறான். அந்த வேலைக்காரிதான் பூனி. முகத்திலும் கையிலும் பழுப்பு மை பூசி, சன்னல் சீலையைச் சுற்றிக்கொண்டு, மேவிஸ் ஹார்க்கட் பூனியானார். ஒவ்வொரு கிழமையும் கதவு திறக்கும். பூனி தட்டோடு வருவாள். தடக்குவாள். தேத்தண்ணி விருந்தாளியின் மடியில் கொட்டும். பூனி இரண்டு கையையும் தலைக்கு மேலே கூப்பி, கழுத்தை இடமும் வலமும் ஆட்டி, "துரை அடிக்காதே!" என்று கீச்சிடுவாள். ஒரு தேசம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். ஆறு வருஷம் அதே தேத்தண்ணி, அதே மடி. உலகத்துக்கு நாகரிகம் படிப்பிக்கக் கப்பலேறிய தேசத்தின் நகைச்சுவை உணர்வு அவ்வளவுதான்.

தொடர் முடிந்தது. மையைக் கழுவிவிட்டுத் தெருவில் இறங்கிய மேவிஸை ஒரு நாய்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. சனத்துக்குப் பூனியைத்தான் தெரியும். வேறு வேசம் கேட்டுப் போன இடமெல்லாம், 'நீ அந்தக் கறுத்தவள் அல்லவா' என்று அனுப்பிவிட்டார்கள். வேறொரு சனத்தின் தோலைப் பூசிக்கொண்டு கூலி வாங்கியவருக்குத் தன் தோலோடு நிற்க இடமில்லாமல் போனது. கடைசியில் லண்டனுக்கு வியாபாரமாக வந்த ஒரு பலெர்மோக்காரனைக் கட்டிக்கொண்டு இங்கே வந்து சேர்ந்தார். அவனும் வீட்டை விட்டுவைத்துப் போய்ச் சேர்ந்தான்.

கசெற் ஓடும்போது மிஸ் ரீவியைப் பார்க்கவில்லை. அற்புதமலரின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். தேத்தண்ணி கொட்டியது. அற்புதமலர் சிரிக்கவில்லை.

"உனக்கு விளங்கவில்லையா?"

"விளங்கினது, மிஸ்."

"பிறகு?"

"உந்தத் தேத்தண்ணியை ஆர் துடைக்கிறது?"

"அதற்கு ஸ்டூடியோவில் ஒரு பெண் இருந்தாள்."

"அப்ப அவள்தான் வேலைக்காரி," என்றாள் அற்புதமலர். எழும்பிப்போய் அடுப்பைப் பார்த்தாள்.

வியாழக்கிழமை இந்தக் கதை கேட்டு அறையே கொந்தளித்தது. அவர்கள் சிரித்தது மேவிஸின் நடிப்புக்கு இல்லை, அற்புதமலரின் செபத்துக்கு. "உயிரோடை இருக்கிற வெள்ளைக்காரிக்கு உத்தரிப்பு ஸ்தலத்திலை இப்பவே இடம் பிடிச்சுக் குடுத்திருக்கிறாயடி!" என்று ஸ்ரெல்லா கண்ணைத் துடைத்தாள். அற்புதமலரும் சிரித்தாள். ஆனால் உள்ளுக்குள் எரிந்தது. தான் விட்ட கண்ணீர் மைக்குப் போய்விட்டதே என்று.

அத்தோடு முடிந்திருக்கும். அடுத்த வசந்தத்தில் லண்டனிலிருந்து போன் வந்தது. பழைய சிரிப்புத் தொடர்களைப் பற்றி ஏதோ நிகழ்ச்சி செய்கிறார்களாம். அந்தக் காலத்து ஆட்களில் உயிரோடிருப்பவர்களைத் தேடுகிறார்களாம். மிஸ் அந்த வயதிலும் துள்ளிக் குதித்தார். தலைமயிருக்கு மை வாங்கி வரச்சொன்னார். மை பூசுவது பழக்கந்தானே. போதாததற்குப் போனில் ஒரு கதையும் அவிழ்த்துவிட்டார். தன் வீட்டில் ஒரு சிலோன் பெண் வேலை செய்கிறாளென்றும், அவள் பூனியின் படத்துக்குத் தினமும் திரி கொளுத்திக் கும்பிடுகிறாளென்றும். லண்டன்காரன் அந்தப் பக்கத்தில் அப்படிச் சந்தோசப்பட்டானாம். அதைக் கட்டாயம் படம் பிடிக்க வேண்டுமாம்.

"நீ செய்ததுதானே," என்றார் மிஸ். "இன்னொரு தடவை செய். அவ்வளவுதான்."

"அது செபம், மிஸ்."

"அதைத்தான் செய்யச் சொல்கிறேன்."

"ஆருக்கு?"

"பூனிக்கு."

"பூனி எண்டு ஒருத்தி இல்லையே, மிஸ்."

"கமெராவுக்கு அது தெரியாது." மிஸ் தேத்தண்ணியை ஒரு மிடறு குடித்தார். பிறகு சன்னல் பக்கம் பார்த்தபடி, வெயிலைப் பற்றிச் சொல்வதைப்போலச் சொன்னார். "மொரிசியஸ்காரி ஒருத்தி வேலை தேடுகிறாளாம். கீழே காவல்காரன் சொன்னான். நல்ல சிரித்த முகமாம்."

வீட்டுக்குப் போய்ப் புருஷனிடம் சொன்னாள். ஏர்னஸ்ற் சாப்பாட்டுக் கோப்பையிலிருந்து தலையைத் தூக்காமல் தீர்ப்புச் சொன்னான்.

"உதுக்கென்னப்பா? கொளுத்திப்போட்டு வாரும். நெருப்புப் பெட்டி தட்டுற நேரம்."

"என்னை வைச்சு இங்கிலாந்தே சிரிக்கப்போகுது."

"சிரிக்கட்டுமே. வேலை போனால் கொந்த்ராத்து போகும். கொந்த்ராத்து போனால் பெர்மேசோ புதுப்பிக்கக் குவெஸ்தூராப் பொலிசிலை என்னத்தைக் காட்டிறது? உம்மடை மானத்தையே? லண்டனிலை உம்மடை தம்பியும் பாப்பான், சந்தோசப்படுவான்."

"தம்பி பாப்பான். தம்பியின்ரை பெண்சாதி பாப்பா. அவவின்ரை தாய் பாப்பா. மலர் பலெர்மோவிலை மை பூசின வெள்ளைக்காரிக்கு முன்னாலை முழந்தாளிலை நிக்கிறாள் எண்டு தேவாலயத்தடியிலை நிண்டு கதைப்பினம். கோப்பை கழுவுறதெண்டால் கழுவலாம், ஏர்னஸ்ற். கூட்டிறதெண்டால் கூட்டலாம். செபத்தையும் கூலிக்குச் செய்யச் சொன்னால்?"

"நீர் பெரிய அர்ச்சியசிஷ்டவர், பீடத்திலை ஏத்த வேணும்," என்றான் ஏர்னஸ்ற். சோற்றைப் பிசைந்தான்.

ஸ்ரெல்லாவின் யோசனை இன்னும் சுலபமாக இருந்தது. "கண்ணை மூடிக்கொண்டு உன்ரை அம்மாவை நினைச்சுக் கும்பிடு. அவங்களுக்கு என்ன தெரியும்?"

அற்புதமலருக்கும் அது சரியாகத்தான் பட்டது. வழியும் வேறு இருக்கவில்லை. அம்மாவை நினைக்கலாம் என்ற முடிவோடுதான் படப்பிடிப்பன்று வேலைக்குப் போனாள்.

லண்டன்காரர் வந்திறங்கினார்கள். இயக்குநர் என்று ஒரு பொடியன், மீசை இன்னும் சரியாக முளைக்காதவன். கமெராவும் விளக்கும் தூக்க ஆட்கள். மொழிபெயர்க்கப் பலெர்மோப் பல்கலைக்கழகத்தில் படிக்கிற ஒரு பெண். பியானோவில் புருஷன் வீட்டாரின் படங்களையெல்லாம் மிஸ் ஏற்கெனவே மேசை லாச்சிக்குள் தள்ளிவிட்டிருந்தார். பூனி மட்டும் தனி ராச்சியம் நடத்தினாள்.

அற்புதமலர் அலுமாரியில் வைத்திருந்த ஒரே நல்ல சீலையை உடுத்தி வந்திருந்தாள். இயக்குநர்ப் பொடியன் அவளைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு ஏதோ சொன்னான். மொழிபெயர்க்கிற பெண் கூச்சத்தோடு இத்தாலியனில் சொன்னாள். "திரி கொளுத்தும்போது படத்தை அன்போடு பார்க்க வேண்டுமாம். உங்கள் ஊரில் ஆட்டுவதைப்போலத் தலையைக் கொஞ்சம் ஆட்டினால் நல்லதாம்."

விளக்கு எரிந்தது. கமெரா ஓடியது. அற்புதமலர் நெருப்புக்குச்சியைத் தட்டினாள். அம்மாவை நினைத்தாள். அம்மா வரவில்லை. அந்தப் பெரிய விளக்கு வெளிச்சத்தில் படத்தில் இவ்வளவு காலமும் காணாத ஒன்று தெரிந்தது. பூனியின் காதுக்குப் பின்னால் மை போய்ச் சேராமல் விட்ட ஒரு விரலகலம் வெள்ளைத்தோல். வேலையிலும் அரைகுறை. இதற்கு முன்னால் அம்மாவைக் கொண்டுவந்து எப்படி நிறுத்துவது?

குச்சியை ஊதி அணைத்தாள்.

"ஏலாது, மிஸ்."

மொழிபெயர்க்கிற பெண்ணின் பக்கம் திரும்பி, எல்லோருக்கும் கேட்க இத்தாலியனில் சொன்னாள். "திரி கொளுத்துகிறது செத்தவைக்கு. இவ இன்னும் சாகேல்லை. சாகட்டும், பேந்து வந்து கொளுத்திறன்."

அந்தப் பெண் ஆங்கிலத்தில் சொல்லி முடித்ததும் வீடு அதிர்ந்தது. விளக்குப் பிடித்தவன் விளக்கோடு சேர்ந்து குலுங்கினான். பொடியன் கைதட்டினான். "அருமை! அதை அப்படியே கமெராவைப் பார்த்து இன்னொரு தரம் சொல்லச் சொல்!"

அற்புதமலருக்கு முகம் சிவந்தது. அவள் ஒரு பகடியும் விடவில்லை. நெஞ்சிலிருந்ததைச் சொன்னாள். இந்தக் கூட்டத்துக்கு முன்னால் கும்பிட்டாலும் சிரிப்பு, மறுத்தாலும் சிரிப்பு. ஒரு வேலைக்காரி வாயைத் திறந்ததே அவர்களுக்குப் போதும். திரியைப் பியானோவில் வைத்துவிட்டுக் குசினிக் கதவடியில் போய் நின்றாள். "இனி ஒண்டும் சொல்லமாட்டன்."

மிஸ்ஸின் முகம் பார்க்கச் சகிக்கவில்லை. வேலைக்காரி மறுத்ததற்கு இல்லை அந்தக் கோபம். தன் வீட்டில், தன் கமெராவுக்கு முன்னால், இருபத்தைந்து வருஷம் காத்திருந்த சிரிப்பு வேலைக்காரிக்குப் போய்விட்டதே என்று.

"அவள் வேண்டாம்!" என்றார். "நான் இருக்கிறேன். கமெராவை ஓடவிடு."

கதிரையில் கிடந்த சால்வையை எடுத்துத் தலையில் முக்காடாகப் போட்டார். பொல்லைத் தூர எறிந்தார். பியானோவைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல முழந்தாளில் இறங்கினார். கண்ணை உருட்டினார். இரண்டு கையையும் தலைக்கு மேலே கூப்பினார். கழுத்தை ஆட்டினார். அற்புதமலரின் குரல் இதுதான் என்று அவர் நினைத்த ஒரு கீச்சுக்குரலில் முணுமுணுத்தார். படத்தில் இருக்கிற தன்னைத் தானே கும்பிட்டார். கமெராக்காரர் சிரித்தார்கள்.

வியாழக்கிழமைகளில் அற்புதமலரும் இந்த மிஸ்ஸைக் காட்டினவள்தான். பாண் வாங்குவதைக் காட்டினாள், நாடியைக் காட்டினாள். பொழுதுபடும் நேரங்களில் மிஸ் செத்துப்போன புருஷனின் பெயரைச் சொல்லி அழுவதை ஒருநாளும் காட்டவில்லை. காட்டியிருந்தால் அறையே சிரித்திருக்கும் என்பது அவளுக்குத் தெரியும்.

காட்சி முடிந்தது. மிஸ் எழும்பப் பார்த்தார். முழங்கால் வரவில்லை. பியானோவைப் பிடித்தார். கை வழுகியது. இன்னொரு தரம் உன்னினார். அதுவும் இல்லை.

"பூனி!" என்று கூப்பிட்டார். "பூனி, தூக்கு!"

லண்டன்காரருக்கு அது படத்தோடு பேசுகிற நடிப்பாகப் பட்டது. முந்தியதைவிடக் கூடச் சிரித்தார்கள். மிஸ் பயந்துபோய் இத்தாலியனில் கத்தினார், ஆங்கிலத்தில் கத்தினார். கத்தக் கத்த அவர்கள் குனிந்து குனிந்து சிரித்தார்கள். பொடியன் கமெராவை இன்னும் கிட்டக் கொண்டுபோகச் சொல்லிக் கையைக் காட்டினான். விழுவதற்கே கூலி வாங்கி வாழ்ந்த மனிசி உண்மையாகவே எழும்ப முடியாமல் கிடக்கிறாள் என்பது அங்கே ஒருத்திக்குத்தான் தெரியும்.

அந்த ஒருத்தி குசினிக் கதவடியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். ஒரு அருள்நிறை மந்திரம் சொல்லி முடிக்கிற நேரம் அப்படியே நின்றாள். கிழவி முழந்தாளில் நிற்கிறது எப்படியிருக்கும் என்று தெரிந்துகொள்ளட்டும். பிறகு போய்க் கமெராவுக்கு முன்னால், அதன் கண்ணை முதுகால் மறைத்துக்கொண்டு குனிந்தாள். குளிப்பாட்டும்போது தூக்குவதைப்போலக் கமக்கட்டுக்குள் இரண்டு கையையும் கொடுத்துத் தூக்கினாள். ஓர் எலும்புக்கூட்டைத் தூக்குவதைப்போல இருந்தது. கதிரையில் இருத்தி, சால்வையைத் தலையிலிருந்து இறக்கி மடியில் போட்டாள்.

அந்தத் தூக்கலோடு மொரிசியஸ்காரியின் கதை அந்த வீட்டை விட்டுப் போயிற்று. மிஸ் அவளுடைய மணிக்கட்டை விடவேயில்லை. லண்டன்காரர் விளக்குகளை மடித்து, நன்றி சொல்லி, படியிறங்கும்வரை பிடித்துக்கொண்டிருந்தார். கீழே தெருவில் அவர்களுடைய சிரிப்பு இன்னும் கேட்டது.

"சிரித்தார்களா?" என்று மிஸ் மெல்லக் கேட்டார்.

"சிரிச்சவை, மிஸ். நீங்கள் எழும்ப ஏலாமல் கத்தேக்கைதான் கூடச் சிரிச்சவை."

மிஸ் கண்ணை மூடிக்கொண்டார். முகத்தில் ஒரு நிறைவு பரவியது.

"அந்த இடம் எப்போதும் நன்றாக வரும்," என்றார்.